பேசிக்கொண்டிரு

ஒயின் செய்வதென்றால் கழுவுவது.
முதல் நாளே தெரிந்துவிட்டது.
குழாயைக் கழுவு, பம்பைக் கழுவு,
கழுவிய வாளியை வைக்கப்போகும் தரையைக்
கழுவு.
நடுவில் எப்போதாவது திராட்சை வரும்.

மார்ச் கடைசி. விட்ஃபீல்டு.
தல் பொந்தே குடும்பத்துக்கு நாற்பத்தோராவது அறுவடை,
எனக்கு முதலாவது.
சர்க்கரை போதும் என்றது அளவுமானி.
ஓர்னெல்லா ஒரு விதையைக் கடித்துத் துப்பினாள்:
'இன்னும் பச்சை.'
வெள்ளிக்கிழமை மழை என்றது வானொலி.
அவள் அப்பா எதுவும் சொல்லாமல்
டிராக்டரைக் கிளப்பினார்.
வியாழன் இருட்டுவதற்குள் பதினொரு டன்.
மழை ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது, அதுவும் தூறல்.
அதுவரை அப்பாவும் மகளும்
ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து
என்னிடம் மட்டும் உப்பு கேட்டார்கள்.

கை ஊதாவாகிவிட்டது. நகக்கண் கறுப்பு.
பேக்கரிப் பெண் சில்லறையை
உள்ளங்கையில் வைக்காமல் மேடையில் வைத்தாள்.
சோப்புக்கு அசையவில்லை.
'காயைத் தேய்' என்றான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தெவிதா.
தேய்த்தேன்.
பழத்தின் கறை காய்க்குப் போகிறது.
யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது,
சொல்லுமுன் வாக்கியம் உடைந்துவிட்டது.

பேச்சுத் தேர்வில் இரண்டு முறை தேறவில்லை நான்.
திரையில் ஒரு படம், நாற்பது நொடி.
மூன்று நொடி மௌனமானால்
மைக் தானாக மூடிக்கொள்ளும்.
மூடிக்கொண்டது,
ஒருமுறை மழையளவு வரைபடத்தின் முன்,
ஒருமுறை ஏதோ ஒரு பாலத்தின் முன்.

ஏழாம் எண் தொட்டி.
சாறு வடிந்துவிட்டது, சக்கை இடுப்பளவு.
ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற கதவு.
உள்ளே மண்வெட்டியோடு நான்,
வெளியே என் இடுப்புக் கயிற்றின் மறுமுனையோடு ஓர்னெல்லா.
திராட்சை நுரைத்து விடும் மூச்சு
காற்றைவிடக் கனம். வாசலைத் தாண்டாது,
காலடியில் படுத்துக் கிடக்கும்.
குனிந்தவர் நிமிராமல் போவதுண்டு.
மின்விசிறி வைத்தாயிற்று, மீட்டர் பார்த்தாயிற்று,
ஆனாலும் அவளுக்கு ஒரு விதி:
'பேசிக்கொண்டிரு. நிறுத்தினால் இழுத்துவிடுவேன்.'

வானிலை சொன்னேன். மதியம் தின்றதைச் சொன்னேன்.
தெவிதாவின் மகனுக்குப் பல் முளைத்ததைச் சொன்னேன்.
ஆங்கிலம் தீர்ந்துபோனது,
சக்கை தீரவில்லை.
கயிறு விறைத்தது.

ஓர் பன்னிரண்டு பன்னிரண்டு,
ஈர் பன்னிரண்டு இருபத்து நான்கு,
வாய்ப்பாடு முடிந்ததும் பேட்டை பஸ்:
ஜங்ஷன், ஈரடுக்குப் பாலம், ஸ்ரீபுரம், டவுன் ஆர்ச்,
கொடுக்கவேண்டிய வாடகை,
அம்மாவிடம் பாஸ் என்று சொல்லிவைத்திருப்பது,
ஓர்னெல்லா, மழை விஷயத்தில் யார் ஜெயித்தால் எனக்கென்ன,
உப்பை நீங்களே எட்டி எடுத்துத் தொலையுங்கள்.
இரும்புச் சுவர் என் குரலை
எனக்கே பெரிதாக்கித் தந்தது.
ஒவ்வொரு நிறுத்தத்துக்கும்
வெளியிலிருந்து 'ம்' என்றாள்.
கயிறு தொய்ந்தே கிடந்தது
ஒன்றே முக்கால் மணி நேரம்.

வெளியே வந்து சிமெண்டில் மல்லாந்தபோது கேட்டாள்,
'நடுவில் என் பெயர் வந்ததே, என்ன?'
'உப்பு' என்றேன், ஆங்கிலத்தில்.
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு தண்ணீர்க் குழாயை என் கையில் கொடுத்தாள்.

கழுவினேன்.
தெளிந்த மதுவுக்குத் தேறல் என்று பெயர்.
பீப்பாயில் எட்டு மாதமாவது ஆகுமாம்,
அவசரப்படுத்தினால் கலங்கும்.
எனக்குக் கொடுத்திருக்கும் தேதி
ஜூன் பத்தொன்பது.